டிப்போவில் வந்த நல்ல சேதி

நகரப் பேருந்து ஓட்டும் அவளை டிப்போவில் எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சந்திலும் கீறல் படாமல் வண்டியைத் திருப்பிவிடுவாள். கணவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். ஒரே மகள், சிசேரியனில் பிறந்தவள், அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தாள்.

மறுபடி நாள் தள்ளிப்போனபோது வீட்டில் ஒரே சந்தோஷம். ஆனால் லேசாக ரத்தம் கசிந்தது. முதல் தடவையும் இப்படித்தான் இருந்தது, பொறுத்துப் பார்க்கலாம் என்றார் மாமியார். பைலட்டுக்கு மனசு கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு நேரே ஸ்கேன் எடுக்கப் போனாள்.

கரு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பழைய சிசேரியன் தழும்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். வளரவிட்டால் கர்ப்பப்பை கிழிந்து உயிருக்கே ஆபத்தாகும்; சீக்கிரம் வந்ததால் கர்ப்பப்பையைக் காப்பாற்றிவிடலாம் என்றார். ஆசைப்பட்டுக் காத்திருந்த பிள்ளை. கணவனின் தோளில் முகம் புதைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிகிச்சைக்குச் சம்மதம் சொன்னாள்.

ஊசி போட்டார்கள். பிறகு சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து கருவை எடுத்தார்கள். ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு நன்றாகக் குறைந்த பிறகுதான் மாதவிலக்கு திரும்பும், சிலருக்கு இரண்டு மாதம்கூட ஆகும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்.

வயதுக்கு வந்ததிலிருந்து அந்த நாட்களைத் திட்டித் தீர்த்தவள் இப்போது அதற்காகத் தவம் கிடந்தாள். அவள் பாத்ரூமிலிருந்து வரும்போதெல்லாம் கணவன் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவன் மாதிரி நிற்பான். மாமியார் போன் போட்டு, ஏதும் விசேஷமா என்பார். கல்யாணமான புதிதில் கேட்ட அதே கேள்வி. அப்போது மாதவிலக்கு வந்துவிடக் கூடாதே என்று கேட்டவர் இப்போது வரவில்லையே என்று கேட்கிறாரே என்று பைலட்டுக்குச் சிரிப்பு வரும்.

வேலைக்குத் திரும்பியதும், ஆபரேஷன் ஆன உடம்பு என்று டிப்போ மேனேஜர் அவளுக்கு வண்டி தரவில்லை. கிளம்பும் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்பும் வேலை கொடுத்தார். ஒரு மத்தியானம் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் பழகிய இழுப்பு. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தாள். கொஞ்சம்தான், கருஞ்சிவப்பாக. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். கத்தியும் மருந்தும் பட்ட உடம்பு, யாரும் சொல்லாமல் தன் வேலையைத் தானே மறுபடி எடுத்துக்கொண்டுவிட்டது. தன் உடம்பின் மேல் அவளுக்கு அப்படி ஒரு மதிப்பு வந்தது.

வெளியே வந்தவளின் ஈரக் கண்ணைப் பார்த்த மேனேஜர், முடியவில்லையா, வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று விசாரித்தார். பக்கத்தில் ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் தலைவலி என்று சொல்லியிருப்பாள்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். பீரியட்ஸ் வந்திருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.”

மேனேஜர் டயரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். டீ குடித்தவர்கள் குடிக்க மறந்தார்கள்.

“அப்ப நல்ல சேதிதானம்மா,” என்றார் கடைசியில். “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. உன் வண்டி உனக்குத்தான்.”

கணவனுக்குப் போன் செய்தாள். ஒருவருக்குப் பாதி முடி வெட்டியிருந்தவன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டான். என்னவென்று கேட்ட வாடிக்கையாளரிடம், என் பொண்டாட்டி கெட்டிக்காரிங்க என்று மட்டும் சொன்னானாம்.

டாக்டரம்மா ஸ்கேன் செய்து பார்த்தார். தழும்பு நன்றாக ஆறி வருகிறது, வண்டி ஓட்டலாம் என்றார். அடுத்த பிள்ளைக்குச் சில மாதம் பொறுக்க வேண்டும், நாள் தள்ளினால் உடனே வர வேண்டும் என்றும் சொன்னார்.

“அன்னைக்கு நீங்க பொறுத்துப் பார்க்கலாம்னு இருந்திருந்தா, இன்னைக்கு இப்படிப் பேசிட்டிருக்க மாட்டோம். உங்க உடம்ப நீங்கதான் காப்பாத்தினீங்க.”

மறுவாரம் அவள் சீருடை போட்டு வண்டியை எடுத்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் கணவனும் மகளும் ஏறினார்கள். மகள் முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த ஒரு பெண்மணியிடம், “இது எங்கம்மா ஓட்டுற பஸ்” என்றாள். அவர் திரும்பாததால் இன்னும் சத்தமாகச் சொன்னாள். பேருந்தே சிரித்தது.

பைலட் கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். பிறக்காமல் போன பிள்ளையின் நினைவும் கூடவே வந்தது. அதை அவள் விலக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கதவை மூடி, வண்டியைக் கிளப்பினாள்.