சொல்லாமலே தெரிந்த லாத்தா

அனீஸாவுக்கு ஒட்டுக் கேட்கும் பழக்கம் கிடையாது. அய்யம்பேட்டையில் அவள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அடுத்த வீட்டில் சட்டி பறந்தாலும் ஜன்னலைச் சாத்திவிட்டு வெங்காயம் உரிக்கிறவள். அப்படிப்பட்டவளைக் கெடுத்தது ஒரு ஹார்ட் டிஸ்க்.

அதை வாங்கிவந்தவன் அவள் கணவர் அஹமது கபீரின் தம்பி அப்துல் ரஹ்மான். சவூதியில், தம்மாமில் வேலை. விடுமுறையில் வந்தவன், கீழ் வீட்டு ஹாலில் இருந்த வைஃபை ரவுட்டருக்குப் பின்னால் அதைச் செருகினான். மாடியில் அவன் மனைவி சாஜிதா, கீழே அண்ணன் குடும்பம். இனி யார் போனில் எடுத்த படமும் தானாகவே இதில் நகலாகிவிடும், வீட்டில் எந்த டிவியிலும் பார்க்கலாம் என்று பெருமையாகச் சொன்னான். சாஜிதாவின் போனில் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அவசரக்காரன், இருந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு விமானம் ஏறிப்போனான்.

ஒரு மதியம், பெருநாள் படங்களைத் தேடி அனீஸா டிவியில் சாஜிதாவின் பெயரிட்ட ஃபோல்டரைத் திறந்தாள். படங்களுக்குக் கீழே ஒலிப்பதிவுகள் வரிசையாக நின்றன. ஏதோ மார்க்கச் சொற்பொழிவு, பயான் என்று நினைத்து ஒன்றை அழுத்தினாள். மச்சான், சாப்பிட்டீங்களா என்றது சாஜிதாவின் குரல். ரஹ்மானுக்கு ஷிஃப்ட் வேலை. இருவருக்கும் நேரம் ஒத்துவராததால் அவள் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்புவாள். அனீஸா பதறி அணைத்தாள். அஸ்தஃபிருல்லாஹ் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மதியம் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

வம்புக்காக இல்லை. கபீர் மோட்டார், குழாய் சாமான் கடை வைத்திருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்து விவசாயம் தொடங்கினால் கடையே கதி. வராவிட்டால் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எப்படியானாலும் மனைவியிடம் பேச அவருக்குக் குழம்பில் உப்பைத் தாண்டி விஷயம் இருந்ததில்லை. ஒரு பெண் புருஷனிடம் இவ்வளவு பேசலாம் என்பதே அனீஸாவுக்குப் புதுசு. கொஞ்சல் வரும் இடங்களைத் தாண்டிப் போனாள். சில நாள் தாண்டவில்லை. அதை நினைக்கும்போது தனியாக இருந்தாலும் முகம் சூடேறியது.

சாஜிதா வேதாரண்யத்துப் பெண். சென்னாக்கூனி, அந்தக் காய்ந்த பொடி இறால், தேங்காயோடு வறுத்துத் தின்ன ஆசையாக இருக்கிறது, கருவாட்டு வாடை பெரிய மச்சானுக்கு ஆகாதே என்று ஒருநாள் ரஹ்மானிடம் புலம்பியிருந்தாள். கபீர் கடைக்குப் போனதும் அனீஸா அதை வறுத்து மாடிக்குக் கொண்டுபோனாள். சாஜிதாவின் கண் விரிந்ததைப் பார்த்தபோது, தான் செய்வது தப்பே இல்லை என்றுகூடத் தோன்றியது.

பிறகு இன்னொரு செய்தி வந்தது. குளி தள்ளிப்போயிருக்கிறது, உண்டாகியிருப்பேன் போல, டாக்டர் சொல்லும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சாஜிதா புருஷனிடம் கிசுகிசுத்திருந்தாள். அன்று மாடிப்படியில் அவள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். அனீஸா ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படி லாத்தா தெரியும்?" என்றாள் சாஜிதா. சொந்த அக்காளைப் போல அவளை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"மொகத்தப் பாத்தாத் தெரியாதா புள்ள?"

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

மறுநாள் டிவியில் சாஜிதாவின் குரல் சிரித்தது. "எங்க உம்மாவுக்குக்கூட நான் சொன்னாத்தான் புரியும் மச்சான். லாத்தாவுக்கு நான் வாயத் தொறக்கவே வேணாம். அவங்க கீழ இருக்குறப்ப எனக்கு என்ன பயம்?"

திட்டியிருந்தால்கூட அனீஸா தாங்கியிருப்பாள். வெட்கத்தில் ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். கெட்டுப்போய்விட்டது என்று கபீரிடம் சொன்னாள். தொழுது, அழுது, பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தாள். சாஜிதாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் முகத்துக்கு எதிரே சொல்ல அனீஸாவுக்குத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் சாஜிதா கீழே இறங்கி வரவில்லை. மசக்கைதானே, தூங்கட்டும் என்று அனீஸா எழுப்பாமல் விட்டாள். மறுநாள் காலை தம்மாமிலிருந்து கபீருக்குப் போன் வந்தது. ரஹ்மான் அழுதான். முந்தின நாளே கரு கலைந்துவிட்டதாம், சாஜிதா பேசி அனுப்பியிருந்ததை இப்போதுதான் கேட்டிருக்கிறான். வீட்டில் யாரையும் கூப்பிடாமல் அவள் அறையில் கிடக்கிறாள்.

தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார்கள். யார் செய்த தப்பும் இல்லை, முதலில் வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சாஜிதா அழவில்லை. காரிலும் அழவில்லை. வீட்டுக்கு வந்து மாடியில் படுக்கவைத்துப் போர்த்தியபோதுதான் வாய் திறந்தாள்.

"நேத்தே தெரிஞ்சிருக்கும்ல லாத்தா. வருவீங்க வருவீங்கன்னு படியையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். தெரிஞ்சும் ஏன் வரல? எம்மேல என்ன கோவம்?"

அனீஸா கீழே இறங்கினாள். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது புள்ள. எப்பவுமே தெரிஞ்சதில்ல. நீ ரஹ்மானுக்குப் பேசி அனுப்புனதெல்லாம் இதுல வந்து விழுந்துச்சு. திருட்டுத்தனமாக் கேட்டேன். இதக் கழட்டிப்புட்டேன், அதான் நேத்து வரல."

சாஜிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சென்னாக்கூனியுமா?"

"அதுவும்தான்."

ஆஸ்பத்திரியில் அழாதவள், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தோளைத் தொட நீண்ட கையை அனீஸா பாதியில் நிறுத்தினாள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை.

"நான் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டாள்.

சாஜிதா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளே சொல்லட்டும் என்று அனீஸா அங்கேயே நின்றாள்.