உட்கார ஒரு நாற்காலி

ஆணியின் முனையில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டாள் மகள். நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஆணியின் தலை எட்டிப் பார்த்தது. அதைக் குறடால் கவ்வி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினாள். பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று தினம் பார்க்கிற வேலைதான். வெறுமனே இழுத்தால் வராது. ஆட்டி ஆட்டி, அதுவே சலித்துப்போய் வெளியே வரும்படி செய்ய வேண்டும். ஆணி கீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. பக்கெட்டில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

முன்னறையில் அப்பாவைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். வேறு எங்கே கிடத்துவது? அந்த வீட்டில் படுக்கவோ உட்காரவோ லாயக்கான சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை. கட்டிலின் கால்களை அறுத்துவிட்டுக் கத்தரிக்கோல்களைப் பொருத்தியிருந்தார். சோபாவின் வயிற்றைக் கிழித்து, உள்ளே கடிகாரங்களை வைத்துத் தைத்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். சித்தப்பா மட்டும் தெரியாத்தனமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் இருந்த எலிப்பொறி பட்டென்று மூடிக்கொண்டது. அண்ணன் செத்ததற்கு வராத அலறல் அப்போது வந்தது.

அப்பா பெரிய கலைஞர். அப்படித்தான் பத்திரிகைகள் எழுதின. வீட்டுச் சாமான்களைக் கனவில் வருவதுபோல மாற்றிவிடுகிறார் என்று எழுதின. கடையில் வாங்கிய சாமானுக்கு உயிர் கிடையாது, மனுஷக் கை பட்டுப் புழங்கியதுதான் பேசும் என்று அவரும் பேட்டிகளில் சொல்வார். படிக்க நன்றாகத்தான் இருக்கும். கூட இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. அவருக்கு உடைந்த தட்டு தேவைப்பட்ட அன்று சாப்பாட்டில் உப்பு கூடிவிடும். கண்ணாடி தேவைப்பட்ட அன்று அம்மா அதில் முகம் பார்த்தது குற்றமாகிவிடும். அவர் கோபத்தில் உடைக்கிறார் என்றுதான் அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். உடைக்க வேண்டியிருந்ததால் கோபப்பட்டார் என்பதை மகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

காலையில் அவர் என்ன வரைகிறார் என்று எட்டிப் பார்ப்பாள். வரைந்த பொருளை ஓடிப்போய் ஒளித்துவைப்பாள். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தாள். அவர் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடி எடுத்தார். எடுத்த வேகத்தில் வீசியது அம்மாவின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கோணலாகவே கூடியது. இஸ்திரிப் பெட்டி கண்காட்சிக்குப் போனது. அன்று ஒளிக்காமல் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து மகள் எத்தனையோ ராத்திரி அழுதிருக்கிறாள்.

இந்த நாற்காலி அம்மாவுடையது. இதில் உட்கார்ந்துதான் ஊருக்கெல்லாம் துணி தைத்தாள். கலைஞர் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தத் தையல்தான். ஒருநாள் அப்பா இதைத் தூக்கிக்கொண்டு போய், இருக்கையிலும் முதுகிலும் ஆணி அறைந்து, முனைகளைக் கூராக்கி, 'ஓய்வு' என்று பெயர் வைத்தார். விற்கவும் மாட்டேன் என்று அம்மா தைக்கிற அறையிலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அம்மா ஒரு பழைய எண்ணெய் டின்னை நிமிர்த்திப் போட்டு, அதன்மேல் தலையணையை வைத்து, அப்பாவின் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு, அதற்கு மேல் கோணி ஊசியால் தைத்தும் விட்டாள். எந்த பெல்ட் என்று மகளுக்குச் சொல்லத் தேவையில்லை. முதுகில் இருந்த தழும்புக்கே தெரியும். தையல் நடக்க வேண்டுமே என்பதால் அப்பாவும் அந்த டின்னில் கை வைக்கவில்லை.

முந்தாநாள் அவர் தையல் மிஷினுக்கே வந்துவிட்டார்.

"இழுத்தாரு. நானும் இழுத்தேன்" என்று அம்மா போனில் சொன்னாள்.

"அப்புறம்?"

"விட்டுட்டேன். இந்தக் கையிலதான் பிடி நிக்காதே."

மிஷினோடு பின்பக்கமாகப் போன அப்பா, 'ஓய்வு' மேலேயே விழுந்தார். ஒரு ஆணி பிடரியில் இறங்கிவிட்டது. போலீஸ் வந்தது. அம்மாவின் கோணல் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தது. அவர் நாற்காலி, அவர் அடித்த ஆணி என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.

மகள் இருக்கையை முடித்துவிட்டு முதுகுப் பலகைக்கு வந்தாள். அங்கேதான் கறை இருந்தது.

"ஐயய்யோ! நிறுத்துங்க! என்ன காரியம் பண்றீங்க?"

வாசலில் சேகரிப்புக்காரர். அப்பாவின் பொருட்களை ஒன்று விடாமல் வாங்கிச் சேர்ப்பவர். வெள்ளைக் கையுறையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவர். சாவு வீட்டுக்கு வரும்போதும் அதை மறக்கவில்லை.

"ஆணி புடுங்கறேன், சார்."

"இது 'ஓய்வு'ம்மா! இத எத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன் தெரியுமா?" கிட்டே வந்தவரின் கண் கறையில் போய் நின்றது. குரல் தணிந்தது. "இது... அவரோடதா?"

"ஆமா. இன்னும் தொடைக்கல."

"தொடைக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், தொடைக்காதீங்க. கடைசியில அவரே இதுக்குள்ள வந்துட்டாரும்மா. இப்பதான் இது முழுசாயிருக்கு."

மகள் சுத்தியலை ஓங்கி அடுத்த ஆணியில் இறக்கினாள். அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தது மணிக்கட்டாக இல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது. ஒரே உதறலில் அவரைச் சுவரோடு தள்ளி, சட்டைக் காலரைப் பிடித்து, சுத்தியலை அவர் மூக்குக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கினாள். கண்ணாடி கழன்று காலடியில் நொறுங்கியது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று உடைந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஓங்கிய கை நடுங்கவே இல்லை. இது அப்பாவின் கை என்று தெரிந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"வேணாண்டி" என்றது அம்மாவின் குரல். "கீழ போடு."

போட்டாள்.

அம்மா குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். அந்த வீட்டில் சண்டைக்குப் பிறகு பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கை. சேகரிப்புக்காரர் காலரைச் சரிசெய்தபடி சுவரோடு ஒட்டி நின்றார். அத்தனைக்குப் பிறகும் ஆள் கிளம்பவில்லை.

"எப்படிம்மா நடந்துச்சு? நேர்ல பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். அவரோட கடைசி நிமிஷம்... எழுதி வெக்கணும்."

அம்மா சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் தடுக்கிருச்சு" என்றாள் மகள்.

சேகரிப்புக்காரர் கண்ணை இடுக்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மிஷினுக்குப் பக்கத்தில் வந்ததும் பார்வை அப்படியே நின்றது. மெல்லக் கீழே மண்டியிட்டார். கையுறையை எடுத்து மாட்டினார்.

"இது எப்ப பண்ணாரு?"

எண்ணெய் டின். தலையணை. பெல்ட்.

மகளுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த அமுங்கின குழியப் பாருங்க" என்று அவர் யாரிடமோ பேசுவதுபோல் பேசினார். "யாரோ எழுந்து போன மாதிரி... இந்த பெல்ட்டு, தலையணையோட கழுத்தையே நெரிக்குது. எத்தன முடிச்சு! இது எங்கயும் வெளியில வரலையே. மறைச்சு வெச்சிருந்தாரா?"

மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினாள்.

"கடைசியா பண்ணது, சார். பேர் கூட வெக்கல. நீங்களே வெச்சுக்குங்க."

"எங்கிட்ட குடுப்பீங்களா?"

"எங்க வெப்பீங்க?"

"கண்ணாடிப் பொட்டிக்குள்ளம்மா. காத்து கூட உள்ள போகாது."

"பூட்டுவீங்களா?"

"பூட்டாம? சாவி எங்கிட்டயே இருக்கும்."

"அந்த முடிச்ச மட்டும் எந்தக் காலத்துலயும் அவுக்கக் கூடாது."

"ஐயோ, யாரையும் தொடவே விட மாட்டேம்மா."

"அப்ப எடுத்துக்குங்க" என்றாள் அம்மா. "நல்ல பூட்டா போடுங்க."

அவர் குனிவதற்குள் அம்மாவே பெல்ட்டைப் பிடித்து டின்னைத் தூக்கினாள். அதன் பாதிக்கு மணல். மிஷினை மிதிக்கும்போது ஆடக் கூடாதென்று அம்மாதான் கொட்டிவைத்திருந்தாள். மகள் ஒருமுறை நகர்த்தப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறாள். அம்மா அதை வலது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வழியில் எங்கும் இறக்கிவைக்காமல், முன்னறையில் அப்பாவைத் தாண்டி, வாசலில் நின்ற சேகரிப்புக்காரரின் கார் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

பிடி நிற்காத கை. மகள் அந்தக் கையைப் பார்த்தாள். மகள் பார்ப்பதை அம்மாவும் பார்த்தாள். முன்னறையில் சித்தப்பா யாருக்கோ எலிப்பொறிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் சுத்தியலை எடுத்தாள்.

"இன்னும் நாலஞ்சுதாம்மா இருக்கு."

"மெதுவா பண்ணு. பலக பொளந்துறப் போகுது."

கடைசி ஆணி பக்கெட்டில் விழுந்ததும் தேய்க்கிற பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்தாள். முதுகுப் பலகையைத் தேய்த்தாள். முதலில் வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. போகப் போக வெறும் அழுக்குத் தண்ணீராக வந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காகத்தான் அழுதாள், அதில் சந்தேகமில்லை. அழுதுகொண்டே நன்றாக அழுத்தித் தேய்த்தாள். துணியால் துடைத்து, நாற்காலியை நிமிர்த்தி, மிஷினுக்கு முன்னால் போட்டாள். உடம்பெல்லாம் ஓட்டையாக, ஒரு கால் லேசாக ஆட, அது நின்றது.

அம்மா முதலில் உள்ளங்கையால் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். எங்காவது முனை மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டையாக விரலால் தொட்டாள். பிறகு விளிம்பில் உட்கார்ந்தாள்.

"வண்டி வந்துருச்சு, அண்ணி" என்று முன்னறையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "தூக்கணும். வாங்க."

"வர்றேன்."

வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, ஈரம் காயாத பலகையில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.