உங்கள் பெயர் சரியா?

மழை விட்ட பிறகும் தேயிலைச் செடிகள் சொட்டிக்கொண்டிருந்தன. தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவுத் தராசடியில் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து வழிந்த தண்ணீரில் காலடி சேறாகிவிட்டது. ஜீவராணி தன் முறை வரும்வரை கூடையை இறக்கவில்லை. இறக்கினால் மறுபடி தூக்க இடுப்பு ஒத்துழைக்காது.

தராசும் பழைய தராசு இல்லை. கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டியதுமே எடை நேரே, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு கணேசமூர்த்தியின் கைப்பேசிக்குப் போய்விடும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அந்தக் கைப்பேசிக்கு முகத்தைக் காட்ட வேண்டும், சாயங்காலம் தராசடியில் திரும்பவும் காட்ட வேண்டும். விடிகாலையில் கங்காணி பேர் கூப்பிடுவதும், பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுப்பதும் கைப்பேசிக்குள் அந்த ஆப் வந்த அன்றோடு நின்றுபோயிற்று.

அதைக் கொண்டுவந்த நாளில் மேனேஜர் தொரை பெரட்டுக்களத்துக்கே வந்து இங்கிலீசில் பேசினார். கணேசமூர்த்தி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். "உடம்புக்கு முடியலைன்னு தங்கச்சிய அனுப்புறது, மகள அனுப்புறது, அதெல்லாம் இனி நடக்காது. முகம் காட்டிக் குடுத்துரும். ஆனா ஒங்களையும் யாரும் ஏமாத்த முடியாது. நானே நெனச்சாலும் இதுல ஒண்ணும் மாத்த முடியாது. நீங்கதான் பாக்கணும், நீங்கதான் அமுக்கணும்." பெண்கள் கைதட்டினார்கள். எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவள் ஜீவராணி.

அவளுடைய மூட்டை தராசில் தொங்கியது. ஈரத்துக்கென்று கைப்பேசி தானாகவே கழித்துக்கொண்டது. முன்பெல்லாம் கண்டாக்கு கழிப்பார். அவரிடம் கெஞ்சியோ சண்டை பிடித்தோ கழித்ததில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். இதனிடம் என்னவென்று கெஞ்சுவது? திரையில் அவள் முகமும், அதற்கு மேலே பொடி எழுத்தில் ஜீவராணி என்ற பெயரும், முகத்துக்குக் கீழே 'அரை' என்ற எழுத்தும் வந்தன.

தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் கூலி. கேட்ட கிலோ எடுத்தால் முழுப்பேர், ஒரு கை கொழுந்து குறைந்தாலும் அரைப்பேர். "இன்னைக்குப் பேரு விழுந்துச்சா?" என்றுதான் லயத்து வீடுகளில் ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். அம்மா அப்பா வைத்த பேரை அங்கே யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரியுமே.

கைப்பேசிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், பள்ளிக்கூட டீச்சரின் குரல் மாதிரி, தெளிவாகக் கேட்டது.

"உங்கள் பெயர் சரியா?"

கீழே பச்சையில் ஆம், சிவப்பில் இல்லை. நாலைந்து வாரமாக ஜீவராணி பச்சையைத்தான் அமுக்கி வந்தாள். அன்று கை நின்றது. காலையிலிருந்து அட்டைக்கடியும் குளிருமாகக் கிழட்டுச் செடிகளுக்குள் கிடந்துவிட்டு வந்திருக்கிறாள். கூடையில் இருந்தது அரைப்பேர்க் கொழுந்து இல்லை, அது சத்தியம். வயசுக்கு வந்ததிலிருந்து பறிக்கிறாள், இந்த நாள்வரைக்கும் ஒரு கண்டாக்கோ கணக்கப்பிள்ளையோ 'உன் பேர் சரியா' என்று அவளிடம் கேட்டதில்லை. இது கேட்கிறது. விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுச் சிவப்பை அமுக்கினாள்.

"நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது" என்றது குரல்.

கணேசமூர்த்தி அந்த நேரம் கொழுந்து லொறிக்காரனைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தது பின்னால் நின்ற லெட்சுமிதான். ஜீவராணியோடு ஒரே நிரையில் பறிக்கிறவள்.

"என்னாக்கா, செவப்ப அமுக்குற?"

"பேரு சரியான்னு கேட்டுச்சு. சரியில்ல. இல்லன்னு சொன்னேன்."

"ஏன்க்கா வீண் வம்பு?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன். இதுல என்னாடி வம்பு?"

லெட்சுமிக்கும் அன்று அரைதான். அவள் பச்சையை அமுக்கிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

லயத்துக்கு வந்ததும் ஜீவராணி அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பொன்னையாவிடம் சொன்னாள். அவள் புருசன். சவுக்கு மரம் சாய்ந்து கால் நசுங்கிய பிறகு அவரைத் தோட்டத்துப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மகள் கட்டிக்கொடுத்துப் பொகவந்தலாவையில் இருந்தாள். தோட்டம் கொடுத்த அந்த ஓரறைக் காம்பராவில் பதிவுக்காரி என்று மிஞ்சியிருந்தது ஜீவராணி ஒருத்திதான். காம்பராவுக்கு ஒரு பதிவு ஆளாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவை விட வேண்டும். அந்தப் பயத்திலேயே அவள் காய்ச்சலோடும் மலைக்குப் போயிருக்கிறாள்.

"நன்றின்னு வேற சொல்லிச்சுங்க" என்றாள்.

"ஒனக்கா?"

"பின்ன, அடுத்த லயத்துக்காரிக்கா? எனக்குத்தான்."

பொன்னையா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். "அப்படிப் போடு. மெசினுக்காச்சும் நியாயம் தெரியுதே."

அந்த வாரமும் அடுத்த வாரமும் மழை விடவில்லை. அரைப்பேர் விழுந்த நாளெல்லாம் ஜீவராணி சிவப்பை அமுக்கினாள். இடையில் வெயில் அடித்த நாட்களில் முழுப்பேர் விழுந்தது, அப்போது பச்சையை அமுக்கினாள். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். கேட்கிறவர்கள் எங்கேயோ உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், மாதக் கடைசியில் சரிசெய்துவிடுவார்கள் என்று நம்பினாள். நடையே கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. "ஆபீசர் மாதிரி வர்றா பாரு" என்று லெட்சுமி கேலி பண்ணினாள்.

ஒரு திங்கட்கிழமை பெரட்டில் கைப்பேசி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்த முகம் பதிவில் இல்லை" என்றது.

கணேசமூர்த்தி கண்ணாடியைத் துடைத்தார். முக்காட்டை எடுக்கச் சொன்னார். நெற்றிப் பொட்டை அழிக்கச் சொன்னார். அவள் அழித்தாள். சூரியன் பக்கம் திருப்பி நிற்க வைத்தார்.

"இந்த முகம் பதிவில் இல்லை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஜீவராணியும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "ஆபீசுக்குப் போங்கக்கா" என்றார் கணேசமூர்த்தி. மற்றப் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

ஆபீஸ் வாசலில் அவள் மத்தியானம்வரை நின்றாள். கணேசமூர்த்தி தொரையின் அறையிலிருந்து வெளியே வந்து, கைப்பேசியைப் பார்த்தபடியே பேசினார்.

"சில நாளு இது நாந்தான்னு சொல்லியிருக்கீங்க. சில நாளு இது நான் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப அந்த நாளெல்லாம் வந்து கொழுந்து எடுத்தது யாருக்கா?"

"என்னாங்கய்யா கேக்குறீங்க? நாந்தான் வந்தேன். நீங்கதானே எட பாத்தீங்க!"

"நான் பாத்தது கணக்கில்ல. நீங்க அமுக்குனதுதான் கணக்கு. ஆளு மாத்தி அனுப்புனதுன்னு சிஸ்டத்துல விழுந்துருச்சு. பதிவு தானா வெட்டுப்பட்ருச்சு."

"பேரு சரியான்னுதாங்கய்யா கேட்டுச்சு. அரைப்பேர் போட்டுட்டு சரியான்னு கேட்டா, நான் என்னான்னு சொல்லுவேன்?"

கணேசமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. அவரும் கீழ்கணக்கு லயத்தில் பிறந்தவர்தான், அவருடைய அம்மாவும் பேர் விழாத நாளில் அடுப்படியில் அழுதவள்தான். ஆனால் ஒவ்வொருத்தி அமுக்குவதையும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று தொரையிடம் சற்று முன்புதான் சொல்லிவிட்டு வந்திருந்தார். இப்போது பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "கொழும்புல இருந்து அந்த ஆப்புக்காரங்க வருவாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

வந்தவள் ஊர்மிளா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பில் அந்த ஆப் செய்யும் கம்பனியில் வேலை. சின்ன வயசு, முகத்தில் கள்ளமில்லை. ஆபீஸ் விறாந்தையில் ஜீவராணியைத் தனக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உட்காரச் சொன்னாள். ஆபீஸ் கதிரையில் ஜீவராணி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அது உங்கட பேரைத்தானே கேட்டது?"

"ஆமாங்க மிஸ். நானும் எம்பேரத்தான் சொன்னேன். சரியில்லன்னு."

"உங்கட பேர் ஜீவராணிதானே?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் சரியில்லை எண்டு சொன்னனீங்கள்?"

"அரைப்பேருல்ல மிஸ் போட்டிருந்துச்சு!"

ஊர்மிளா அவளையே பார்த்தாள். பிறகு, "பேர் எண்டால் சம்பளமே?" என்று மெதுவாகக் கேட்டாள். ஜீவராணி தலையாட்டினாள். இதுகூடத் தெரியாமலா இவ்வளவு தூரம் படித்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை, பயத்தில் எதுவுமே தோன்றவில்லை.

"ஐயோ" என்றாள் ஊர்மிளா. அந்தக் கேள்வியை எழுதியதே அவள்தான், பேசியதும் அவள் குரல்தான். கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிசமே கணினியைத் திறந்து மளமளவென்று தட்டத் தொடங்கினாள். "நல்ல காலம் அம்மா, நீங்கள் சொன்னது. இது எங்கள் ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த வெர்ஷனிலயே மாத்திப்போடுவன்."

"அப்ப எம்பதிவு?"

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அது... வெட்டினதைத் திருப்பிப் போட எங்களால ஏலாதம்மா. ஒருத்தரும் கை வைக்கேலாத மாதிரித்தான் செய்திருக்கிறம். உங்களை ஆரும் ஏமாத்தக்கூடாது எண்டுதான். தோட்டம்தான் புதுசாப் பதியவேணும். நான் மேனேஜரிட்ட கட்டாயம் சொல்லுறன்."

சொல்லவும் சொன்னாள். தொரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புதிதாகப் பதிவுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றும், அந்தப் பெண் வேண்டுமானால் கைக்காசுக்கு வரலாம் என்றும் சொன்னார். கைக்காசு என்றால் பறித்த கிலோவுக்கு அன்றைக்குக் காசு. முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை. போகும்போது ஊர்மிளா ஜீவராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதான் மற்ற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை வராது அம்மா" என்றாள்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. மாதம் முடிவதற்குள் புது வெர்ஷன் வந்துவிட்டது. தராசடியில் அதே குரல் இப்போது "இது நீங்கள்தானா?" என்று கேட்டது. லெட்சுமியின் முகத்துக்குக் கீழே 'அரை' என்றே போட்டிருந்தது. அவள் பச்சையை அமுக்கினாள். கைக்காசுக்காரிகளின் வரிசையிலிருந்து ஜீவராணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைக்காசுக்காரிகளிடம் கைப்பேசி ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தி லயத்துக்கு வந்தார். பொன்னையா வாசல் திண்ணை இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணேசமூர்த்தி செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை.

"பதிவு ஆள் இல்லாத காம்பராவெல்லாம் படம் புடிச்சு ஏத்தச் சொல்லியிருக்காங்க மாமா. படம் மட்டுந்தான். இன்னைக்கே எழும்புன்னு யாரும் சொல்லல."

"என்னைக்குச் சொல்லுவாங்க?"

அவர் பின்னால் நகர்ந்தார். வாசல் சாக்கடைக் கானைத் தாண்டி நின்று கைப்பேசியை உயர்த்தினார். கைப்பேசி ஊர்மிளாவின் குரலில் பேசியது.

"படத்தில் ஒரு முகம் தெரிகிறது. ஆளில்லாத வீட்டை மட்டும் படம் எடுக்கவும்."

"மாமா, கொஞ்சம் உள்ள போயிருங்க. ஆளு இருந்தா எடுக்காது."

பொன்னையா சுவரைப் பிடித்து எழுந்து, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி உள்ளே போனார். கணேசமூர்த்தி மறுபடி உயர்த்தினார்.

"படத்தில் ஒரு முகம் தெரிகிறது."

அவர் திரையை உற்றுப் பார்த்தார். சன்னல் இருட்டுக்குள் ஒரு முகத்தைச் சுற்றி மஞ்சள் கட்டம் விழுந்திருந்தது. "நீங்கதான்க்கா விழுறீங்க" என்றார்.

ஜீவராணி வாசலுக்கு வந்தாள். அன்று பொட்டு வைத்திருந்தாள், தலைக்கு முக்காடு இல்லை. அவர் கையிலிருந்த கைப்பேசியை ஒரு நிமிசம் பார்த்தாள். மஞ்சள் கட்டம் அவள் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது.

"இப்பத் தெரியுதுங்களாய்யா எம்முகம்?"

"யாருன்னு தெரியாதுக்கா. ஒரு முகம் இருக்குன்னு மட்டுந்தான் தெரியும்." அவர் கைப்பேசியை இறக்கவில்லை. "கொஞ்சம் நகந்துக்கங்க. இன்னும் ஆறு காம்பரா இருக்கு."

ஜீவராணி உள்ளே போனாள். சன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து தெரியாதபடி தலையைக் குனிந்து, பொன்னையாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய நசுங்கிய கால் இன்னும் வாசற்படியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே இழுத்து வைத்தாள்.

வெளியே கைப்பேசி, "நன்றி" என்றது.