மேல்நோக்கிய அம்பு

நான் வழிகாட்டிப் பலகைகள் வடிவமைக்கிறவள். ஒரு கட்டடத்துக்குள் வருகிறவர் யாரையும் கேட்காமல் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் என் வேலை. சின்ன வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கி வைத்ததால் அப்பா எனக்கு வைத்த பட்டப்பெயர் 'கிறுக்கி'. வேலை கிடைத்த பிறகும் அவர் அதை மாற்றவில்லை. "இப்போ கிறுக்குறதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மருத்துவமனை கட்டினார்கள். பலகைகள் மொத்தமும் நான்தான் செய்தேன். திறப்பதற்கு ஒரு வாரம் இருந்தது. வாசல் கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் 'அவசர சிகிச்சை' பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த அம்பு நேரா போகச் சொல்லுதா, மாடிக்குப் போகச் சொல்லுதா?"

"நேராதாங்க்கா."

"இல்ல, லிஃப்ட் பக்கத்துலயே இருக்கே, அதான் கேட்டேன்."

சிரித்துவிட்டு நகர்ந்தேன். மேல்நோக்கிய அம்பு என்றால் நேராகப் போ என்று அர்த்தம். நான் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நான் வேலையாக வெளியூர் போயிருந்தேன். அம்மாதான் வாடகைக் காரில் அழைத்துக்கொண்டு போனாள். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லா டாக்டர்களும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து நானும் அம்மாவும் அப்பாவின் சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"அன்னிக்கும் உன்னைப் பத்திதான் பெருமை பேசினார், தெரியுமா?" என்றாள் அம்மா.

"என்னிக்கு?"

"ஆஸ்பத்திரியிலதான். யாரையாவது கேக்கலாம்னு நான் சொன்னேன். எதுக்குக் கேக்கணும், நம்ம கிறுக்கி போட்ட அம்பு, அது சொல்ற வழியில போனா போதும்னார். மேல காட்டுச்சு. லிஃப்ட்ல ஏறிட்டோம்."

"லிஃப்ட்லயா?"

"ரெண்டாவது மாடி. கண் டாக்டருங்க இருக்கிற இடம் போல. ஞாயித்துக்கிழமை, ஈ காக்கா இல்ல. பெஞ்சுல உக்கார வெச்சுட்டு ஆளைத் தேடி ஓடினேன். மறுபடி கீழ கூட்டிட்டு வர்றதுக்குள்ள..." அம்மா ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டாள். "பத்து நிமிஷம் ஆயிருக்கும். ஆண்டவன் நேரம் குறிச்சுட்டான். பத்து நிமிஷத்துல என்ன ஆகிடப்போகுது."

அவள் குறை சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அதன்பிறகு அம்புகள் என்னை விடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் என் கை அசைவுக்கு நகர்வதே ஒரு அம்புதான், தினமும் எட்டு மணி நேரம். ஒரு கூட்டத்தில் விற்பனை ஏறியதைக் காட்டப் பச்சை அம்பு ஒன்று மேலே போனது. எல்லோரும் கைதட்டினார்கள். அதன் நுனியில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நெஞ்சில் கை வைத்தபடி, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு.

ஒரு மதியம் மருத்துவமனைக்குப் போய் அந்தக் கூடத்தில் நின்றேன். அரை மணி நேரத்தில் மூன்று பேர் பலகையைப் படித்துவிட்டு லிஃப்ட் பக்கம் திரும்பினார்கள். மூன்று பேரையும் காவலாளி கூப்பிட்டு நேராக அனுப்பினார்.

"தினம் இதே கதைதாம்மா" என்றார். "நான் இருந்தா திருப்பி விட்டுடுவேன். சாப்பிடப் போற நேரத்துல வர்றவங்களுக்கு நான் என்ன பண்ண? எந்த மகராசன் எழுதினானோ."

"நான்தாங்க."

"படிச்சவங்க நீங்க" என்று மட்டும் சொன்னார்.

நிர்வாக அலுவலகத்தில், இத்தனை வருடத்தில் ஒரு புகாரும் வரவில்லை என்றார்கள். என் புகாரை எழுதிக் கொடுத்தேன். வாரத்துக்கு இரண்டு முறை போய் நின்றேன். கடைசியில் அம்பை எடுத்துவிட்டு 'நேராக' என்று பெரிய எழுத்தில் போட்டோம். வாசலிலிருந்து அவசர சிகிச்சைக் கதவு வரை தரையில் அகலமாக மஞ்சள் கோடும் இழுத்தோம்.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"அம்மா, அந்த அம்பு மேல போகச் சொல்லல, நேரா போகச் சொன்னது. பாக்கறவங்களைக் குழப்பும்னு ஒருத்தங்க முன்னாடியே கேட்டாங்க. நான் காதுல வாங்கிக்கல."

அம்மா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "அவருக்குத் தெரியாமலே போச்சு. அது வரைக்கும் நல்லது" என்றாள்.

அம்மா தினமும் காலையில் வாய்விட்டுப் பிரார்த்தனை செய்வாள். இருப்பவர்கள், போனவர்கள், சொந்தக்காரர்கள், அவர்களுடைய நோய்கள் எல்லாம் வரிசையாக வரும். மறுநாள் காலை அந்த வரிசையில் என் பெயர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்று யோசிப்பதையே விட்டுவிட்டவள் நான். ஆனாலும் அந்தக் குரல் என்னைத் தாண்டிப் போன ஒவ்வொரு காலையும் அடுப்படியில் அசையாமல் நின்றேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, "அந்த இடத்தைக் காட்டு" என்றாள்.

கூட்டிக்கொண்டு போனேன். அம்மா புதுப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். மஞ்சள் கோட்டின் மேல் அடிகளை எண்ணியபடி மெல்ல நடந்தாள். நான் இரண்டடி பின்னால் போனேன். கதவருகே நின்று திரும்பி, வந்த தூரத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு அடிதான்" என்றாள். "இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, பஸ் போயிடும்" என்று முன்னால் நடந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலை, பக்கத்து வீட்டுக்காரியின் முட்டிவலிக்கும் பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, என் பெயரைச் சொன்னாள். குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில், எனக்காக என்ன கேட்டாள் என்று காதில் விழவில்லை. நான் குழாயை மூடுவதற்குள் சொல்லி முடித்துவிட்டிருந்தாள்.