நட்சத்திரக் குறி விடுபட்ட குன்று

அன்றைய கூட்டத்தில் மேசையின் தலைப்பக்கத்தில் ஆணையத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் சட்ட அதிகாரி, இடப்பக்கம் தொலைபேசிக் கம்பெனி ஆள், பையை மடியிலேயே வைத்துக்கொண்டு. சன்னலோரம் மடிக்கணினியோடு புள்ளிவிவரம் பார்க்கும் பெண். கதவை ஒட்டிப் போட்டிருந்த மூன்று நாற்காலிகளில் முதலாவதில் அவளுடைய அண்ணன், அடுத்ததில் அண்ணி, கடைசியில் புள்ளிநாலு என்று எல்லோரும் கூப்பிடும் ஆள். அண்ணியும் புள்ளிநாலும், இரண்டு வருடத்துக்கு முன்பு இதே அலுவலகம் வெளியிட்ட ஓர் அறிக்கையால் உலகத்துக்கு வந்தவர்கள். அதற்கு முன் அவர்கள் எங்கும் இருந்ததில்லை.

தொலைபேசிக் கம்பெனிகளைக் கண்காணிப்பதுதான் ஆணையத்தின் வேலை. எந்த செல்போன் கோபுரத்தின் கீழ் எத்தனை பேர் பேசுகிறார்கள், எத்தனை அழைப்பு பாதியில் அறுந்துபோகிறது என்று கம்பெனிகள் காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு அனுப்பும். அவள் அதைச் சரிபார்த்து அட்டவணையாக்குவாள். ஒருமுறை ஒரு குன்றின் கோபுரத்துக்கு நேரே வெறும் கட்டம் வந்தது. அட்டவணையில் வெறும் கட்டம் கூடாது. சுற்றியுள்ள ஐந்து ஊர்களின் சராசரியை எடுத்து, முழு எண்ணாக்கி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அடியில் ‘மதிப்பீடு’ என்று எழுதுவது அங்கே வழக்கம். அவள் சராசரியை எடுத்த நிமிஷத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து போன் வந்தது. மனைவியை இழந்த அண்ணன் அன்றும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாராம். அந்தக் கலக்கத்தில் முழு எண்ணாக்கவும் மறந்தாள், நட்சத்திரம் போடவும் மறந்தாள். நாற்பத்தொன்று புள்ளி நான்கு பேர் என்று அறிக்கை வெளியானது.

மறுவாரம் குன்றிலிருந்து நாற்பத்தொரு பேர் தீப்பெட்டி வாங்க இறங்கி வந்தார்கள். நடுத்தர உயரம், நடுத்தர நிறம். அவர்களில் ஒருவர் சிரித்தால் கீழ் ஊர்க்காரர்களில் யாராவது ஒருவருக்குத் தன் வாயைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஒருத்தி இருமியபோது தையல்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இறந்துபோன தன் தங்கையின் இருமல் அது. எல்லோர் கையிலும் போன் இருந்தது. கோபுரம் இயங்கவில்லை, ஆனாலும் காதில் வைத்துக்கொண்டு அளவாகப் பேசினார்கள். அந்தப் பக்கம் யார் என்று கேட்டால், “நம்ம ஆளுங்கதான்” என்றார்கள். மிச்சமிருந்த புள்ளி நான்கு ஓர் ஆண். ஐந்து நாளில் இரண்டு நாள் மட்டும் இருப்பான். மற்ற மூன்று நாளும் அவன் சட்டை மட்டும் கொடியில் கிடக்கும்.

அவள் நேரில் பார்க்கப் போனாள். தனியாக ஏற பயமாக இருந்ததால் அண்ணனை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி, யார் எவரென்று கேட்காமல், “இந்த வெயில்ல ஏறி வந்தீங்களா, உக்காருங்க” என்றாள். அண்ணன் உட்கார்ந்தார். அடுத்த மழைக்குள் கல்யாணம் முடிந்தது. “பொண்ணு எந்த ஊரு?” என்று பக்கத்து வீட்டுக்காரி குடைந்தபோது, “நாலாவது அட்டவணை, பதினேழாவது வரி” என்றார் அண்ணன். செத்த பிணமாகக் கிடந்த மனிதர் வருஷக்கணக்கில் அடித்த முதல் ஜோக் அது. அண்ணியிடம் ஒரு குறையும் இல்லை. ஐந்து ஊர்களில் எங்கே சாவு விழுந்தாலும், தகவல் வருவதற்கு முன்பே, கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஐந்தில் ஒரு பங்கு அழுவாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு விட்ட வேலையைத் தொடர்வாள். வீட்டில் பழகிவிட்டது.

அறிக்கையை நம்பி, குன்றின் மக்களுக்கு ஏன் இணைப்பு தரவில்லை என்று ஆணையம் கம்பெனிக்கு நோட்டீஸ் விட்டது. அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

“சார், அந்தக் குன்றுல ஈ காக்கா கிடையாது. நானே ஏறிப் பார்த்துட்டு வந்தேன்” என்றார் கம்பெனி ஆள், புள்ளிநாலு நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டே.

“எங்க வீட்டுலதானே தண்ணி வாங்கிக் குடிச்சீங்க?” என்றான் புள்ளிநாலு.

“அது... வழியில யாரோ குடுத்தாங்க.”

தலைவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. “எதுக்கும்மா வம்பு? ஒரு நட்சத்திரம் போட்டுடு. திருத்தக் கடிதம் இன்னைக்கே போகட்டும், ஃபைலை மூடிடலாம்.”

அவள் பதினேழாவது வரியைத் திறந்து நட்சத்திரத்தைத் தட்டினாள். கதவோரம் அண்ணியின் ஓரங்கள் கலைந்தன. குளியலறையின் மங்கல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவளைப் போல, அங்கே தோராயமாக ஒரு பெண் இருந்தாள். மூன்றாவது நாற்காலியில் சட்டை மட்டும் உட்கார்ந்திருந்தது. அண்ணன் மனைவியின் கையைப் பிடிக்கப் போய் நாற்காலிக் கையைப் பிடித்தார்.

“ஏய், என்ன பண்ணித் தொலைச்ச? அழி அதை!” என்று தங்கையைப் பார்த்துக் கத்தினார்.

அழித்தாள். அண்ணி கண்ணைக் கொட்டி விழித்து, “என்னங்க, அசந்துட்டேனா?” என்று கேட்டாள். புள்ளிநாலு சட்டைக்குள் வந்து சேர்ந்து பொத்தானைச் சரிசெய்துகொண்டான். கம்பெனி ஆள் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போட முடியாது சார்” என்றாள் அவள். “மதிப்பீடுன்னா போடலாம். இவங்க வந்துட்டாங்க.”

“அப்ப தப்பு யாரோடது?” என்றார் கம்பெனி ஆள்.

“என்னோடது. அதையும் சேர்த்தே எழுதறேன்.”

“எழுதினா உன் வேலைக்கே உலை வைப்பாங்கம்மா, தெரியுமில்ல?” என்றார் சட்ட அதிகாரி.

“தெரியும் சார்.”

தலைவர் கதவுப் பக்கம் திரும்பினார். “நீங்க என்னப்பா சொல்றீங்க?”

அண்ணன் எழுந்து நின்றார். “நானும் இவளும் ரெண்டு பேரா வந்தோம் சார். ரெண்டு பேராத்தான் வீட்டுக்குப் போகணும்.”

அவள் கடிதத்தை அங்கேயே தட்டினாள். எண் எங்கள் தவறால் வந்தது, ஆட்கள் தவறல்லர். குன்றைச் சேர்ந்தவர்கள் நாற்பத்தொரு பேர். இன்னொருவர் சில நாட்கள் இருக்கிறார். அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். கோபுரத்தை உடனே இயக்கவும். தலைவர் இரண்டு முறை படித்தார். ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி ஆள் எதிரிலேயே இருந்தாலும் விதிப்படி பதிவுத் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றார் சட்ட அதிகாரி. அண்ணி உறையை வாங்கி, பசை தடவி, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

கீழ்த்தளத்தில் தபால் எழுத்தர் உறையை எடை பார்த்து, “பொருள்னு என்ன போடட்டும்?” என்று கேட்டார்.

“குன்றில் குடியிருப்போர்” என்றாள் அவள்.

அவர் அப்படியே எழுதி, முத்திரை குத்தி, பையில் போட்டு, வாயைக் கட்டி வண்டியில் ஏற்றினார்.