வெளியில் கவிழ்த்த கிளாஸ்

நன்னிலத்தை அடுத்த ஊரில் கூலி உயர்வு கேட்டு அறுவடையை மறுத்தவர்களுள் வீரையனும் ஒருவர். அதன்பின் எந்த மிராசுதாரும் அவரை வயலில் இறங்கவிடவில்லை. சுவரெல்லாம் சமத்துவம் எழுதிய ஆட்சி நடந்த காலம் அது. ஆயினும் செல்லதுரையின் டீக்கடையில், வீரையனின் தெருவாருக்கென்று தனி கிளாஸ்கள் வாசலுக்கு வெளியே இருந்தன. குடித்தவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

வீரையனின் மகள் அம்சம், நாகூர்த் தோழி ஹமீதா பானுவுடன் குவைத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பல நாட்டுப் பெண்கள் தங்கிய விடுதியில் சமையலறை ஒன்றுதான்.

ஹமீதா எவரிடமும் பேச்சுக் கொடுப்பவள்; வெகுவிரைவில் எல்லா அறைகளும் அவளுக்குச் சொந்தமாயின. அம்சம் பேசமாட்டாள், பிடித்த பிடியை விடவும் மாட்டாள். இங்கே எவரும் தன்னைக் குறை சொல்லக் கூடாதென்று உறுதி பூண்டிருந்தாள். ஆகவே, டீ குடித்ததும் தன் கிளாஸைக் கழுவிச் சமையலறைக்கு வெளியே கவிழ்த்தாள்.

எகிப்துக்காரி சமீரா அதைப் பார்த்துக் கொதித்தாள். தங்கள் பாத்திரங்களை இவள் அசுத்தமென்று ஒதுக்குகிறாள் என்று வார்டனிடம் முறையிட்டாள். ஒத்துப்போகாதவள் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்றார் வார்டன்.

சாமிக்கு வேண்டுதல் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றாள் ஹமீதா.

“பொய் வேணாம். ஊர்ல நடக்குறதைச் சொல்லு.”

“ஊர் மானம் போயிடும்டி.”

“என்னை வெளியில நின்னு குடிக்க வச்சப்ப போகாத மானமா, இப்பப் போவப்போவுது?”

ஹமீதா தனக்குத் தெரிந்த அரபியில் உள்ளபடியே சொன்னாள். சமீரா வெளியே போய் அந்தக் கிளாஸை எடுத்து வந்தாள். தன் டீயை அதில் ஊற்றிக் குடித்தாள். மறுநாள் எது அம்சத்தின் கிளாஸ் என்று எவருக்கும் தெரியவில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்த அம்சம், செல்லதுரையின் கடைக்குள் நுழைந்து பெஞ்சில் அமர்ந்தாள். அவர் சிரித்து நலம் விசாரித்தார். கை மட்டும் வெளியிலிருந்த கிளாஸை நோக்கி நீண்டது.

“உள்ள இருக்கிற கிளாஸ்ல போடுங்கண்ணே.”

செல்லதுரை மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்களைப் பார்த்தார்.

“அடுப்பு அணைஞ்சிடுச்சும்மா.”

“மூட்டுங்கண்ணே. ரெண்டு மாசம் லீவு இருக்கு.”