ரத்தம் விழுந்தால் அது உங்கள் மான்

அன்று அங்கே இருந்தவர்களின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இல்லாதவர்கள்தான் இன்றுவரை அதிகம் பேசுகிறார்கள். வெள்ளியங்கிரி இருந்தார். அவர் மனைவி வசந்தாமணி இருந்தாள். மகள் தென்றல் இருந்தாள். இடமும் தொழிலும் அவள் பொறுப்பு. கலிபோர்னியாவில் சான் ரமோனிலிருந்து பெண் பார்க்க வந்த திருமூர்த்தியும் அவர் மனைவி பவளமும் மகன் மதனும் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்று பேச்சை முடிக்க வந்த ரஞ்சித்குமார் இருந்தான். அவன் வெள்ளியங்கிரியின் அண்ணன் மகன். இவர்களோடு பிஸ்கட் என்கிற நாய். இதற்கு மேல் ஒரு ஈ காக்கை கிடையாது.

இடம், டெக்சஸில் வெள்ளியங்கிரி வீடு இருக்கும் ஆலனிலிருந்து தென்மேற்கே நாலு மணி நேரம் ஓட்டினால் வருகிற மேட்டு நிலம். கல்லும் சப்பாத்திக்கள்ளியும் குட்டை ஓக் மரங்களும். தென்றல் அதைக் குத்தகைக்கு எடுத்து, வேட்டைக்கு வருகிறவர்களைக் கூட்டிப் போகிறாள். தங்க வைப்பாள், விடியுமுன் பரணில் ஏற்றி உட்கார வைப்பாள், எந்த மானைச் சுடலாம் எப்போது சுடலாம் என்று சொல்வாள், விழுந்ததை உரித்து ஐஸில் வைத்துக் கொடுப்பாள். கல்லூரியில் காட்டு விலங்குகளைப் பற்றித்தான் படித்தாள்.

வெள்ளியங்கிரிக்கு இது முதலில் பிடிக்கவில்லை. காங்கேயத்திலிருந்து வந்து டல்லாஸ் பக்கம் ஒரு டெலிபோன் கம்பெனியில் தலை நிமிர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். "மாஸ்டர்ஸ் படிச்சுப்போட்டு பரண்ல குந்துற வேலையா?" என்று கேட்டுவிட்டு மகளோடு பேசாமல் இருந்த காலம் உண்டு. ஒருநாள் அரை மனதாக இங்கே வந்தபோது, பீர் குடித்துவிட்டுப் பரணேற வந்த ஆறடி எண்ணெய்க் கம்பெனிக்காரன் ஒருவனின் கையிலிருந்து தென்றல் துப்பாக்கியை வாங்கிக் கொண்டு, "நோ சார், நாளைக்கு" என்று சொன்னதைப் பார்த்தார். அவன் முனகாமல் போய்ப் படுத்தான். அன்றிலிருந்து மான்களுக்குப் போடும் மக்காச்சோள டிரம்களை நிரப்புகிற வேலையை வெள்ளியங்கிரி யாரும் கேட்காமலே எடுத்துக் கொண்டார்.

ஆனால் வரன் தேடும்போது இந்தத் தொழில் குறுக்கே நின்றது. "பொண்ணு என்ன பண்றாங்க?" என்று கேட்பார்கள். சொன்னதும், "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க" என்பார்கள். சொல்ல மாட்டார்கள். திருமூர்த்தி வீடு ஒன்றுதான் பின்வாங்கவில்லை. "அடடே! நானும் ஒரு மான் அடிக்கோணும்னு ரொம்ப நாள் ஆசைங்க" என்று அவர் சிரித்தார். மதனும் தென்றலும் மூன்று மாதமாகப் போனில் பேசி வந்தார்கள். தன் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம், டெக்சஸுக்கே வந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். அதைத் தாயிடம் சொல்லும்போது தென்றலின் முகம் எப்படி இருந்தது என்பதை வெள்ளியங்கிரி கதவுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். அந்த முகத்துக்காக அவர் நிறைய விழுங்கத் தயாராக இருந்தார்.

விழுங்கவும் செய்தார். வெள்ளிக்கிழமை வந்து இறங்கிய அன்றே, வசந்தாமணி பிழிந்த சந்தகையைத் தின்றுகொண்டே திருமூர்த்தி ஆரம்பித்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் இந்த மானு பன்னியெல்லாம் வேண்டாம் பாருங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே பெரிய ஆபீஸ் பார்க் இருக்குது. அம்மிணிக்கு ஒரு வேலைக்கா பஞ்சம்?"

தென்றல் மதனைப் பார்த்தாள். மதன் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொண்டிருந்தான். வெள்ளியங்கிரி தண்ணீர் குடித்தார்.

அன்று மாலையே ஆளுக்குச் சில குண்டுகள் அட்டையில் சுட்டுப் பார்த்தார்கள். இங்கே அது வழக்கம். நூறு கஜத்தில் அட்டையை நடுவார்கள். வந்தவர் துப்பாக்கி மேலுள்ள ஸ்கோப்பில் குறிபார்த்துத் தன் கையாலேயே சுட்டு, குண்டு நேராகப் போகிறதென்று அவர் கண்ணாலேயே பார்த்தால்தான் தென்றல் பரணில் ஏற்றுவாள். திருமூர்த்தி சுட்ட துளைகளை உள்ளங்கையால் மூடிவிடலாம். சந்தோஷத்தில் குதித்தார். மதனும் நன்றாகச் சுட்டான். நண்பர்களோடு தன் ஊரில் சுட்டுப் பழகியவன்.

சனிக்கிழமை விடிகாலை தென்றல், திருமூர்த்தி, மதன் மூவரும் பரணுக்குப் போனார்கள். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. காபி ஆற்றிக் கொண்டிருந்த வெள்ளியங்கிரி நின்றார். வெடிக்குப் பின்னால் ஒரு மந்தமான சத்தம் வந்தது, நனைந்த மூட்டையைக் கட்டையால் அடித்தாற்போல. அந்தச் சத்தத்தின் பொருள் அவருக்கு இப்போது தெரியும்.

தென்றல் வண்டியை நிறுத்தி இறங்கினாள். "வயித்துல பட்டுருச்சுப்பா. நம்மளப் பாத்து நேரா நின்னுச்சு. பொறுங்க மாமா, சைடுல திரும்பட்டும்னு ரெண்டு தடவ சொன்னேன். அவர் வெயிட் பண்ணல."

"அதுக்கென்னம்மா," என்றார் பின்னால் வந்த திருமூர்த்தி. "ஓடுனது ஓடட்டும். அந்தப் பக்கம் இன்னொண்ணு நின்னுச்சே, பெரிய கொம்பு, அதப் பாக்கலாம்."

"இல்லைங்க மாமா. ரத்தம் விழுந்தா அது உங்க மான். உங்க ஹன்ட் முடிஞ்சுது. அதைத் தேடணும்."

"யாரு சொன்னது?"

"இங்க அதான் ரூல். எல்லாருக்கும்."

"நான் எல்லாருமா?"

ரஞ்சித்குமார் நடுவே புகுந்து சிரித்தான். பவளம், "ஏனுங்க, சனிக்கிழமையும் அதுவுமா ஒரு உசுரை அரைகுறையா விட்டுப்போட்டு வந்தா என்னங்க அர்த்தம்? போய்த் தேடுங்க" என்றாள். சனிக்கிழமை கவுச்சி தொடாதவள் அவள். அந்த வீட்டில் நியாயமாகப் பேசியது அவள் ஒருத்திதான், அதுவும் அந்த ஒரு தடவைதான்.

வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் உயிர் போகும் மட்டும் ஓடும். விட்டுவிட்டால் எங்கேயாவது நிழலில் படுக்கும். அதனால் காத்திருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு, மான் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்ததால் பக்கத்து நிலத்துக் கிழவருக்குப் போன் செய்து வேலி தாண்ட அனுமதி வாங்கிக் கொண்டு, தென்றல் பிஸ்கட்டைக் கயிற்றில் பிடித்துப் புறப்பட்டாள். வெள்ளியங்கிரி கூடப் போனார். மதன் பாதி தூரம் வந்து, ஷூவில் முள் ஏறிவிட்டதென்று திரும்பினான். திருமூர்த்தி வரவே இல்லை.

ரத்தம் சொட்டுச் சொட்டாக, வயிற்றில் இருந்த தழையின் பச்சையும் கலந்து கிடந்தது. நாய் அதை விடவில்லை. ஓடைக் கரையில் மான் படுத்திருந்தது, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. தென்றல் ஒரே குண்டில் முடித்தாள். பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "சாரி" என்றாள். வெள்ளியங்கிரி முகத்தைத் திருப்பிக் கொண்டார். மகள் அழுவதைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

மானை வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்ததும் திருமூர்த்திக்கு உயிர் வந்தது. தொப்பியைச் சரிசெய்து, கொம்பைப் பிடித்துத் தூக்கி, பல விதமாகப் படம் எடுத்துக் கொண்டார். வெள்ளியங்கிரி அதையும் விழுங்கினார்.

சாப்பாட்டுக்கு இலை போட்டபோது திருமூர்த்தி போனில் இருந்தார். லிவர்மோரில் இருக்கும் தன் சகலையோடு பேச்சு, ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில்.

"ஒரே ஷாட்டுல விழுந்திருக்கும் மாப்ள. துப்பாக்கி கோணல். அம்மிணி செட் பண்ணிக் குடுத்தது, சின்னப் புள்ளதானே, பாவம். நான் கரெக்டாத்தான் வெச்சேன், அது எங்கியோ போகுது…"

வெள்ளியங்கிரி இலையிலிருந்து எழுந்தார். வசந்தாமணி அவர் கையைப் பிடித்தாள், அவர் உதறினார்.

"போனை வைங்க."

"என்னங்க?"

"போனை வைங்கன்னேன். இல்லைன்னா அவருகிட்டயே சொல்லுங்க, பொறுன்னு சொன்னப்பப் பொறுக்காம சுட்டேன்னு."

ரஞ்சித்குமார் அவரை இழுக்காத குறையாகச் சமையலறைக்குக் கொண்டு போனான். "சித்தப்பா, ப்ளீஸ். ஈகோ மேட்டர். துப்பாக்கிதானே, பொண்ணையா சொன்னாரு? ஆமாங்க, கொஞ்சம் கோணலா இருந்திருக்கும்னு தென்றல் ஒரு வார்த்தை சொன்னா மேட்டர் ஓவர். கல்யாணம் முக்கியமா, ஸ்கோப் முக்கியமா?"

"டேய், உன்ற சாஃப்ட்வேர்ல நாலு தப்பு இருக்குதுன்னு ஊரெல்லாம் போன் பண்ணிச் சொன்னா நீ சிரிச்சுட்டுப் போவியா?"

"அது வேற சித்தப்பா."

"ஒரு மயிரும் வேற இல்லை."

இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. அவருக்கே காது சுட்டது. ஆனால் திரும்ப எடுத்துக் கொள்ளவில்லை. துப்பாக்கி நேராகச் சுடும், அவள் சொல் நேராக இருக்கும் என்கிற பேர்தான் தென்றலின் தொழிலுக்கு மூலதனம். அதைக் கேட்டுத்தான் முன்பின் தெரியாதவர்கள் ஹூஸ்டனிலிருந்தும் டல்லாஸிலிருந்தும் வருகிறார்கள். அதை ஒரு மனுஷன் தன் கை அவசரத்தை மறைக்கச் சோற்றிலையில் உட்கார்ந்துகொண்டு சகலையிடம் விற்கிறான். 'பாவம்' வேறு.

அவர் வெளியே வந்தார். காலையில் திருமூர்த்தி சுட்ட துப்பாக்கியை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்து, மேஜை மேல் வைத்தார். அட்டையை நூறு கஜத்தில் தானே போய் நட்டுவிட்டு வந்தார்.

"சுடுங்க," என்றார் திருமூர்த்தியிடம்.

"எதுக்குங்க இதெல்லாம்? சம்பந்தி வீட்டுல வந்து பரீட்சையா?"

"இன்னும் சம்பந்தி ஆகலைங்க."

திருமூர்த்தி கையைக் கட்டிக் கொண்டார். தென்றல் சுட்டால், பழகிய கை, கோணலையும் நேராக்கிவிடும் என்பார்கள். வெள்ளியங்கிரி திரும்பி மதனைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க சுடுங்க. பரண்ல நீங்களும் இருந்தீங்க. என்ற புள்ள பொறுங்கன்னு சொன்னாளா இல்லையான்னு உங்களைக் கேக்க மாட்டேன். அப்பனைப் பத்தி மகன்கிட்டக் கேக்கறது மரியாதையில்லை. சுட்டு மட்டும் காமிங்க."

மதன் தென்றலைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். அது கெஞ்சல் இல்லை. ஆனால் அதில் நம்பிக்கை இருந்தது. அதை வெள்ளியங்கிரி பார்த்தார்.

மதன் உட்கார்ந்து, மூச்சை நிறுத்தி, நிதானமாகச் சுட்டான். மூன்று குண்டு. எல்லோரும் அட்டைக்கு நடந்து போனார்கள். மூன்று துளையும் நடுவில், ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருந்தன. துப்பாக்கியில் ஒரு நூலிழை குற்றம் இல்லை. காலையிலிருந்து அதன் ஸ்கோப்பை யாரும் திருகவில்லை. மேஜையில் வைத்த பிறகு தென்றல் தொடக்கூட இல்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

வெள்ளியங்கிரி அட்டையை விட்டு விலகினார். பேச வேண்டியவன் எதிரே நின்றான்.

மதன் அட்டையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"ஆக்சுவலி அங்கிள், மார்னிங் ரொம்பக் குளிர் இல்ல? குளிர்ல ஸ்கோப் கொஞ்சம் ஷிஃப்ட் ஆகியிருக்கலாம். இப்ப வெயில்ல செட் ஆயிருக்கும். ஸோ… ரெண்டு பேரும் கரெக்டா இருக்க சான்ஸ் இருக்கு."

திருமூர்த்தி, "அதான்! அதத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

வெள்ளியங்கிரிக்கு அந்த அட்டையைப் பிடுங்கி அப்பன் முகத்திலும் பிள்ளை முகத்திலும் எறிய வேண்டும் போலிருந்தது. தகப்பன் பொய் சொன்னான், வெட்கத்தில் சொன்னான், போகட்டும். மகன் தன் கையால் உண்மையைச் சுட்டுக் காட்டிவிட்டு, அடுத்த மூச்சில் அதை மூடுகிறான். நாளைக்கு இவன் வீட்டில் தன் மகள் எது சொன்னாலும் இவன் குளிர் மேலும் வெயில் மேலும் பழி போட்டுக் கொண்டு நிற்பான்.

அவர் வாயைத் திறக்குமுன் தென்றல் சிரித்துவிட்டாள். ஒரே ஒரு தரம், சத்தமாக.

"மிஸ்டர் திருமூர்த்தி," என்றாள். நேற்றிலிருந்து மாமா என்று கூப்பிட்டவள். "உங்க ஹன்ட் முடிஞ்சுது. உங்க மான் கூலர்ல ரெடியா இருக்கும். ஃப்ளைட்டுக்கு டைம் இருக்கு, ஆனா இங்க வெயிட் பண்ண வேண்டாம் சார்."

"தென்றல், கமான்," என்றான் மதன். "நாம தனியாப் பேசலாம்."

"எல்லார் முன்னாடியும் பேசத்தானே இப்ப உங்களுக்கு சான்ஸ் குடுத்தோம் மதன்."

"பொம்பளைப் புள்ளையை இப்படித்தான் வளத்துனீங்களா?" என்றார் திருமூர்த்தி.

"ஆமாங்க," என்றார் வெள்ளியங்கிரி. "இப்படித்தான் வளத்தினோம். உங்க வளர்ப்பையும் இப்பத்தான் பாத்தோம்."

பிறகு அவர் செய்தது ரஞ்சித்குமாருக்கு இன்றுவரை புரியவில்லை. கையைக் கழுவி, கறியைத் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டி, ஐஸ் நிரப்பி, அவர்கள் வாடகைக் காரில் தானே ஏற்றினார். தங்களுக்கென்று ஒரு துண்டுகூட எடுத்து வைக்கவில்லை. கொம்பையும் துணியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தார். பவளம், "சனிக்கிழமை இதையெல்லாம் எப்படிங்க தொடறது…" என்று முனகினாள்.

"உங்க மானுங்க. நீங்க எடுத்துட்டுத்தான் போகோணும்," என்று கதவைச் சாத்தினார்.

கார் கேட்டைத் தாண்டிய பிறகு வசந்தாமணி எச்சில் இலைகளை எடுத்தாள். தென்றல் வெளியே நாயின் பாதத்தில் முள் எடுத்துக் கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. வெள்ளியங்கிரி அவளிடம் போகவில்லை. சோள டிரம்மை எடுத்துக் கொண்டு அவள் கண்ணில் படுகிற தூரத்தில் நின்று நிரப்பினார்.

இப்போது லிவர்மோர் கோயிலிலும் ஆலனில் சில வீடுகளிலும் ஒரு பேச்சு நடமாடுகிறது. பெண் வீட்டார் கொடுத்த துப்பாக்கி சரியில்லையாம், கேட்டதற்குப் பெண் எதிர்த்துப் பேசினாளாம், கையில் துப்பாக்கி தூக்குகிற பெண் நமக்குச் சரிப்படாதென்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். துப்பாக்கி சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லவில்லை. சொன்னது தென்றல்.